மடியில் விழும் விறகு

அய்ன் ஜௌஸ், 2 மே 1965

அன்புள்ள இஸ்கந்தர் மாமாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு லமியா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். உங்களைக் கண்ணால் பார்க்காத குறை ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. (இது அம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியம். என் சரக்கு இனிமேல்தான்.)

டக்கார் கடையை வேலையாள் மொதூவிடம் ஒப்படைத்துவிட்டு மாமியோடு ஊருக்கே திரும்பி வரப்போவதாக நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்தேன். நாலாவது தடவை உறையையும் வாசிக்கச் சொன்னாள். அஞ்சல்தலையில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைக்கூட விடவில்லை. நாற்பது வருஷம் கழித்து அண்ணன் வருகிறான் என்று அன்றைக்கு எங்கள் கோழிக்குக்கூட இரண்டு பங்கு தீனி.

வாசலைத் திறந்தால் பனி, காலில் கட்டையை மாட்டினால் சறுக்கு, கூப்பிடு தூரத்தில் ரொட்டி, நடக்கிற தூரத்தில் மருத்துவர். இதுதானே நீங்கள் கேட்டது? பனியில்லாத ஊரில் பணி செய்தாயிற்று, பணியில்லாத வயதில் பனி வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். கேட்டதும் சரியான ஆளிடம்தான். ஊரே செப்டம்பரில் சிலுவைத் திருநாள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிவிடுகிறது. அப்பா, வெளியூரிலிருந்து சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் கம்பி நாற்காலியை ஓட்டும் மெக்கானிக் என்பதால் நாங்கள் மட்டும் மூன்று குளிர்காலமாக மேலேயே கிடக்கிறோம். இந்த ஊரின் பனிக்கு நான்தான் மூத்த நிபுணர். வயது பதினாறு.

உங்கள் பட்டியலில் இருந்த மூன்று இடங்களையும் பார்த்தேன். கம்பி நாற்காலி பக்கத்துப் புதுக்கட்டடத்தில் மூன்றாம் மாடி: படிக்கட்டு ஏறியே மாமிக்கு மலையேற்றம் முடிந்துவிடும். கோயிலடி வீடு: அருமையான வீடு. கூரை கொஞ்சம் ஒழுகும், ஆனால் ஒரே இடத்தில்தான் ஒழுகும், அங்கே வாளி வைத்தால் போதும். மணியோசை கடிகாரச் செலவை மிச்சப்படுத்தும். பக்கத்து வீட்டுக்காரி இருப்பதால் செய்தித்தாளும் வேண்டாம். இதையே எடுங்கள்.

மூன்றாவது, எதிர்மலை அடிவாரத்துப் புல்வெளி, மடி. மடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கே ஒன்றுமில்லை. ஒரு மரம்கூட இல்லை.

கரடி விஷயத்துக்கு மறுபடியும் மன்னிப்பு. கம்பி நாற்காலிக்குச் சீட்டு வாங்க வரிசையில் கரடி நின்றது என்று நான் எழுதியதை நீங்கள் டக்காரில் நம்மவர்கள் சங்கத்தில் எழுந்து நின்று வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. இனி அம்மாவின் கட்டைவிரல் ரேகை இல்லாத கடிதம் செல்லாது என்று நீங்கள் போட்ட சட்டப்படி, சீட்டு அலுவலகத்து ஊதா மையில் கீழே அம்மாவின் விரல். அம்மாவும் உஷாராகிவிட்டாள். அப்பா ஒருமுறை வாசித்துக் காட்டினால்தான் விரலை நீட்டுகிறாள்.

மாமிக்கு என் முத்தங்கள்.
லமியா

*

டக்கார், 28 மே 1965

என் கண்மணி லமியாவுக்கு,

உன் மாமா இஸ்கந்தரின் ஆசிகள். கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உன் மாமிக்கு மட்டும் மூட்டு வலி. காரணம் நான். பிரான்சிலிருந்து வரவழைத்த சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வடக்கே இருக்கும் மணல்மேட்டில் ஞாயிறுதோறும் பழகுகிறேன். நான் விழ விழ அவள் மேட்டில் இறங்கி என்னைத் தூக்குகிறாள். மொதூ கீழே நின்று, "முதலாளி, கடவுள் உங்களுக்குக் கால் கொடுத்ததே பலகையில கட்டத்தானா?" என்று கேட்கிறான். முந்தாநாள் பத்து அடி நின்றபடியே சறுக்கினேன். இதையும் உன் அம்மாவுக்கு வாசி.

துணி நெசவு பார்க்கும் கண்ணாடியை வைத்து ரேகையைப் பார்த்தேன். அசல். சுழி வலப்பக்கம். என் தங்கையின் விரல் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஒழுகும் வீட்டை இப்படிப் புகழ்கிறாய், மடிக்கு ஒரே வரி. நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவனிடமா? சரக்கை எவன் அதிகமாகப் புகழ்கிறானோ அதில் ஓட்டை, எதைப் பற்றி வாயே திறக்கவில்லையோ அதைத் தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறான். கோயிலடி வீட்டில் ஏதோ கூத்து வைத்திருக்கிறாய். என்னை அங்கே குடிவைத்துவிட்டு வருஷம் முழுதும் சிரிக்கப் போகிறாய்.

மடியை மறந்துவிட முடியுமா? மலை காலை நீட்டி உட்கார்ந்து நமக்காகவே விரித்த மடி. சின்ன வயதில் அந்தப் புல்லில் படுத்துத்தான் மேகம் எண்ணினேன். வழவழவென்று இருக்கும், ஒரு கல் கிடையாது. வசந்தத்தில் கடற்கரையிலிருந்து மேலே வந்ததும் முதல் வேலை, கழுதையோடு மடிக்குப் போய் விறகு பொறுக்குவது. முழு முழு தேவதாருக் கட்டைகள், வெட்டாமலே முறிந்து, பட்டை உரிந்து, நமக்காக அடுக்கிவைத்த மாதிரி. ஏழைகளுக்கு மலை விறகு வெட்டிப் போடுகிறது என்பார் என் அப்பா. அங்கே வீடு கட்டினால் விறகுகூட வாசலுக்கே வந்துவிடும்.

உன் அப்பா தன்னூஸை நிலத்துக்காரரிடம் பேசச் சொல்.

உன் மாமா
இஸ்கந்தர்

*

அய்ன் ஜௌஸ், 20 ஜூன் 1965

அன்புள்ள மாமாவுக்கு,

கைகளை முத்தமிட்டு லமியா. இங்கே எல்லோரும் நலம். அங்கே மாமியின் மூட்டு தேவலையா? மொதூவின் சிரிப்பு நின்றதா?

மாமா, ஒரு கேள்வி. அந்த விறகை அங்கே யார் கொண்டுவந்து போடுகிறார்கள்?

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மடியில் மரமே இல்லை. மேலே சரிவிலும் இரண்டு பக்கமும்தான் மரம், நடுவில் வகிடு எடுத்த மாதிரி வெறுமை. பிறகு எப்படி வருஷா வருஷம் மடியில் கட்டை? நீங்கள் மடியைப் பிப்ரவரியில் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அப்பா? அவருடைய அப்பா? யாருமே பார்த்ததில்லை. எல்லோரும் கடற்கரையில் மீன் தின்றுகொண்டிருந்தீர்கள். மே மாதத்து மடியைத்தான் இந்த ஊருக்கே தெரியும்.

இதற்குமேல் எழுதக் கூடாது. அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எதைப் பற்றி என்று சொன்னாலே சத்தியம் போய்விடும். நீங்கள் வியாபாரி, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலடி வீட்டின் கூரையை நானே ஏறி அடைக்கிறேன். கரடி மேல் ஆணை.

கீழே அம்மாவின் விரல்.
லமியா

*

(அனுப்பப்படாதது)

21 ஜூன் 1965

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நேற்றைய கடிதத்தில் இருப்பது என் விரல். உண்மையை எழுதினால் அப்பா வாசிப்பார், அம்மா விரலை இழுத்துக்கொள்வாள்.

போன வருஷம் பிப்ரவரி. நாலு நாள் விடாத பனி நின்று வெயில் அடித்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கம்பி நாற்காலியின் மேல் கோபுரத்துக்குப் போயிருந்தேன். எதிர்மலை நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. பென்சில் கோடு மாதிரி. அப்புறம் மலை தன் சட்டையைக் கழற்றியது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படி, ஆனால் ஒரு ஊர் அளவு பால். சத்தம் பிறகுதான் வந்தது. அது அடங்கியபோது மடி இல்லை. மடி நிறைந்து, விளிம்பில் மரங்கள் தலைகீழாகக் குத்தியிருந்தன. அதுதான் மாமா உங்கள் விறகு.

அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். இதுவரை அங்கே யார் வீடும் போனதில்லையே என்கிறார். யார் வீடும் இருந்ததில்லை என்றேன். அம்மாவுக்கு அண்ணன் வந்தால் போதும் என்பதால் அவரும் போதும் என்றிருக்கிறார்.

அம்மா நம்பவே இல்லை. "கரடிக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தவ நீ. இதை எழுதினா அண்ணன் பயந்து அங்கேயே கிடந்து சாவான். நாற்பது வருஷம்டி. என் தலைமேல கைய வெச்சுச் சொல்லு, எழுத மாட்டேன்னு." அவள் கையே என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தது.

இதை அனுப்பினால் சத்தியம் போகும். அனுப்பாவிட்டால்…

*

டக்கார், 15 ஜூலை 1965

அருமை லமியாவுக்கு,

ஆசிகள். நாங்கள் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பிடித்துவிட்டேன், திருட்டுக் கழுதை. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சுழி இடப்பக்கம். என் தங்கையின் விரல் இல்லை, உன் விரல். என்னை இத்தனை பாடுபட்டுக் கோயிலடிக்குத் தள்ளுகிறாய் என்றால் அங்கே நிச்சயம் ஒரு கரடி இருக்கிறது.

சத்தியம், இரகசியம், பிப்ரவரி என்று நீ விட்ட கதையைச் சங்கத்தில் வாசித்தேன். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன், எல்லோரும் உன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். விறகை யார் போடுகிறார்கள் என்ற கேள்விக்குத் தையல்காரர் ஒருவர் சொன்ன பதில்: "அந்தக் கரடிதான்."

மடியை வாங்கியாயிற்று. உன் அப்பா கடிதம் வந்தது. இரண்டு அறை, முன்னால் நீளமான திறந்த முற்றம், வாசலிலிருந்தே சறுக்கி இறங்கலாம். சன்னல் கதவுகளுக்கு நீலம் பூசச் சொல். டக்கார் கடலின் நீலம். உன் மாமிக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

கூரை ஒழுகாதல்லவா?

உன் மாமா
இஸ்கந்தர்

*

அய்ன் ஜௌஸ், 20 செப்டம்பர் 1965

அன்புள்ள மாமாவுக்கு,

கைகளை முத்தமிட்டு லமியா. எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. உங்கள் நலமறிய ஆவல்.

வீடு எழும்பிவிட்டது. கூரை ஒழுகவில்லை. சன்னலுக்கு நீலம் நானே பூசினேன். பாதி நீலம் என் முடியில்.

சிலுவைத் திருநாளுக்கு மலை மலையாகத் தீ மூட்டினோம். அடுத்த நாளே ஊர் இறங்கத் தொடங்கிவிட்டது. மேஸ்திரியும் ஆட்களும் நேற்று இறங்கினார்கள். போகும்போது மேஸ்திரி என்னிடம் ஒன்று சொன்னார். அதைச் சத்தியத்துக்கு உட்பட்டே எழுதுகிறேன், ஏனென்றால் இது ஆகஸ்டில் தோண்டியபோது கிடைத்தது. அடித்தளம் வெட்டும்போது ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் கட்டைகள் இருந்தனவாம். பழசு, அதற்கும் பழசு, அடுக்கடுக்காக. எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. "உங்க மாமா சொந்தமா மரக்கடை வெச்சிருந்தாராம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமா, மே மாதம் வாருங்கள். ஏப்ரலில் கிளம்புங்கள். மாமியின் மூட்டுக்குக் குளிர் ஆகாது. உங்கள் மணல்மேடு ஒரு குளிர்காலம் உங்களை இழந்து தவிக்க வேண்டாம். இதில் கூத்து ஒன்றும் இல்லை.

இனி அம்மா சொல்வது: அண்ணா, அடுப்பு வைத்துவிட்டேன். வா.

அந்த ஒரு வரியைத்தான் அப்பா வாசித்துக் காட்டினார். கீழே இருப்பது அம்மாவின் அசல் விரல், அந்த ஒரு வரிக்கு மட்டும்.

லமியா

*

மார்செய் துறைமுகம், 10 நவம்பர் 1965

கண்மணி லமியாவுக்கு,

கப்பல் மாறக் காத்திருக்கிறோம். உன் மாமிக்கு வயிற்றுப் புரட்டல் தவிர வேறு குறையில்லை.

உன் கடிதம் கிளம்பும் நாளில் வந்தது. விரலைப் பார்த்தேன். அசல், சுழி வலப்பக்கம். அதன் மேலே என்ன எழுதியிருக்கிறது? வா. அதற்குமேல் எதை வாசிக்க வேண்டும்?

சறுக்குக் கட்டைகள் கையோடு வருகின்றன. கப்பல்காரன் அவற்றைத் துடுப்பு என்று நினைத்தான்.

மாமா

*

மடி, 5 டிசம்பர் 1965

அன்பு லமியாவுக்கு, ரொட்டித் தகரத்தில்.

உன் அப்பா கெட்டிக்காரர். உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பெரிய பள்ளம். சாலை வழி வந்தால் அரை மணி நேரம். அவர் பழைய கம்பியை இழுத்துக் கட்டி, உருளை மாட்டி, தகரப் பெட்டி தொங்கவிட்டுவிட்டார். நான் இழுத்தால் உங்கள் பக்கம் மணி அடிக்கிறது. அரைச் சூட்டில் ரொட்டி வருகிறது. டக்காரில்கூட இவ்வளவு சொகுசாக இருந்ததில்லை.

நேற்று புனித பர்பாரா திருநாள் வேடத்துக்கு உனக்கு முதல் பரிசு. ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் பிசாசு, கிழவி என்று வேடம் போட்டிருப்பார்கள். நீ மட்டும் வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு மேலிருந்து உருண்டு வந்து என் முற்றத்தில், என் மேசைமேல், வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தின் மேல் விழுந்தாய். மாமி வயிறு வலிக்கச் சிரித்தாள். "நான் யாருன்னு சொல்லுங்க மாமா" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பேய் என்றேன், கல்யாணப்பெண் என்றேன், மாவு மூட்டை என்றேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாய். கடைசியில் ஏன் அழுதாய்? முட்டியில் அடியா?

இன்றைக்குக் காலையில் முற்றத்திலிருந்து இருபது அடி சறுக்கினேன். விழவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மாமா

*

அய்ன் ஜௌஸ், 12 பிப்ரவரி 1966, காலை

மாமா, மாமிக்கு, ரொட்டியோடு தகரத்தில்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரிவரியாக வாசியுங்கள்.

இன்றோடு நாலாவது நாள் பனி. இப்போது நின்றுவிட்டது. அப்பா பல்சக்கரம் வாங்கத் திரிப்போலிக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. யாரையும் கூப்பிட வழியில்லை, நான் கத்தினாலும் பள்ளத்தைத் தாண்டி உங்களுக்குக் கேட்காது.

காலையில் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சரிவு, உங்கள் சரிவு இல்லை, அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் சின்னது, இறங்கியது. வீடே அதிர்ந்தது. அம்மா சன்னல் வழியாகப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள். எழுந்திருக்க ஊன்றிய கை, ரொட்டி சுடக் கவிழ்த்துவைத்த இரும்புச் சட்டியின் மேல் இருந்தது. சூடே அவளுக்கு உறைக்கவில்லை. நான்தான் கையை எடுத்துவிட்டேன். "இதுதானா நீ சொன்னது?" என்றாள். சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

உங்கள் விறகு பனிச்சரிவில் வருகிறது. போன வருஷத்துக்கு முந்தின பிப்ரவரியில் மடி முழுதும் நிறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். உங்களுக்கு மேலே இருப்பது பெரியது. இன்னும் இறங்கவில்லை. வெயில் வந்தால் இறங்கும்.

இப்போதே கிளம்புங்கள். சாலை வழி வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கிழக்கே வாதுமைத் தோப்பு. மரம் நிற்கிற இடத்தில் மட்டும் நடங்கள். மரம் நிற்கிறது என்றால் அங்கே அது வருவதில்லை. தோப்போடு இறங்கினால் பாலம். நான் பாலத்தில் நிற்கிறேன். உங்களிடமே வரப் பார்த்தேன். அம்மா என் சறுக்குக் கட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தரை அங்கே அனுப்பியது போதும் என்கிறாள்.

கீழே அம்மாவின் விரல். சுட்டதால் குறுக்கே கோடு விழுந்திருக்கிறது. மை எரிகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். சுழி வலப்பக்கம்தான், நன்றாகப் பாருங்கள்.

லமியா

*

மடி, அதே நாள், பகல்

என் அருமைத் திருடிக்கு,

ரொட்டி கிடைத்தது. ஓரம் கருகியிருக்கிறது. உன் அம்மா கதை பேசிக்கொண்டே சுட்டாளாக்கும்.

கடிதம் பிரமாதம். கரடியைவிட நூறு மடங்கு. இரும்புச் சட்டியில் கை என்று வாசித்தபோது உன் மாமி எழுந்தே விட்டாள். நான்தான் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னேன். விரலைப் பார்த்தேன். ஒரு பாதியில் சுழியே இல்லை, வெறும் மொழுக்கு. நடுவில் கத்தியால் கீறிய மாதிரி கோடு. எதன் விரல் இது? உருளைக்கிழங்கா, மெழுகா? அதற்கு முன்ஜாக்கிரதையாக ஒரு சூட்டுக் கதையும் வைத்திருக்கிறாய். போன தடவை சுழியில் மாட்டிக்கொண்டவள் இந்தத் தடவை சுழியையே எரித்துவிட்டாய். கெட்டிக்காரி.

எங்களை முட்டியளவு பனியில் தோப்புக்குள் இறக்கி, பாலத்தில் நின்று கைதட்டலாம் என்று பார்க்கிறாய். பர்பாரா நாளில் உருண்டு வந்து விழுந்ததற்கு இது பழிக்குப் பழியா?

வெளியே வந்து பார், குழந்தை. மேகம் விலகிவிட்டது. இவ்வளவு வெயிலை நான் டக்காரில்கூடப் பார்த்ததில்லை. மலை முழுதும் கண்ணாடி. முற்றத்தில் நாற்காலி போட்டுவிட்டோம், உன் மாமி காபி கலக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறோம். தயிரும் கோதுமையுமாகக் கெட்டியாகக் கிஷ்க் கஞ்சி வைக்கச் சொல். அப்போது உன் அம்மாவின் விரலை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா

*

டக்கார், 6 ஏப்ரல் 1966

மதிப்புக்குரிய லமியா அவர்களுக்கு,

அமைதி உங்களோடு இருக்கட்டும். உங்கள் தாய் நலமா, தந்தை நலமா, உங்கள் ஆடுகள் நலமா? என் பெயர் மொதூ. முதலாளி என்னைப் பற்றி எழுதியிருப்பார், நல்லபடியாக எழுதியிருக்க மாட்டார்.

முதலாளி மாதம் தவறாமல் எழுதுவார். ஜனவரிக்குப் பிறகு கடிதம் இல்லை. பனியில் காபி குடிக்கும் சுகத்தில் எங்களை மறந்துவிட்டாரா? மணல்மேட்டில் பிள்ளைகள் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள். அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். சங்கத்தில் எல்லோரும் அந்தக் கரடியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

கடை நன்றாக நடக்கிறது. அவரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மொதூ

*

அய்ன் ஜௌஸ், 3 மே 1966

மதிப்புக்குரிய மொதூ அவர்களுக்கு,

லமியா எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதன் பிறகு உங்களைப் பார்க்காத குறை ஒன்றைத் தவிர வேறு குறையில்லை என்று வரும். இரண்டு தடவை தொடங்கி அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மதியம் மாமாவின் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்து முடித்தேன். அம்மா என் சறுக்குக் கட்டைகளின் மேலிருந்து எழுந்துவிட்டாள். நான் கட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. மாமா நம்பிவிட்டார், பதில் போட்டிருக்கிறார் என்று கம்பியிடம் ஓடினேன். மணி ஒரு தடவைதான் அடித்தது. கம்பி தொய்ந்து பள்ளத்துக்குள் தொங்கியது. அந்தப் பக்கம் அது எதிலும் கட்டியிருக்கவில்லை. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஏப்ரல் கடைசியில்தான் பனிக்கடியிலிருந்து அவர்களை எடுக்க முடிந்தது. கோயிலடியில் அடக்கம் செய்தோம். மாமியின் கையில் காபிக் கரண்டி இருந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு ஊர் மேலே வந்தது. பழக்க தோஷத்தில் கயிறும் கழுதையுமாக மடிப்பக்கம் கிளம்பியவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். இந்த வருஷம் யாரும் விறகு எடுக்கவில்லை. கட்டைகளோடு கட்டையாக நீலம் பூசிய ஒரு சன்னல் கதவு கிடந்ததாம். அதை மட்டும் கொண்டுவந்து எங்கள் வாசலில் சாத்திவைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விட்டார்கள்.

அம்மா அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் கடிதத்தை வாசித்ததும் மைப்பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். "எழுதுடி. ஒண்ணையும் விடாதே. நான் உன் வாயக் கட்டினதையும் எழுது." அப்பா வாசித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு விரலை நீட்டினாள்.

சங்கத்தில் இதை எழுந்து நின்று வாசிப்பீர்கள் என்றால் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரடி பொய். மற்றதெல்லாம் நடந்தது.

மாமாவின் நெசவுக் கண்ணாடி அங்கே கடையில் இன்னொன்று இருக்கும். எடுத்துப் பாருங்கள். சூடு ஆறிவிட்டது, ஆனால் கோடு போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சுழி தெரியும், வலப்பக்கமாக. கீழே இருப்பது அம்மாவின் விரல்.

லமியா